பிடரியில் ஈரம் இருந்ததா

இல்லை, எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ரயிலில் பக்கத்தில் நின்ற அந்த அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன், அப்பா. அவர் கேட்டுக்கொள்ளவில்லை. என் உள்ளங்கையைப் பிரித்து ஓர் ஆரஞ்சு மிட்டாயை வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"காலே பேட்டா. ஷுகர் கம் ஹுவா ஹோகா."

சர்க்கரை குறைந்திருக்கும், தின்றுவிடு என்கிறார். லேடீஸ் டப்பா முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி வடாலாவை விட்டிருந்தது. மூன்று பேர் பலகையில் நான்காவதாக ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் நகரச் சொன்னேன். ஓரத்தில் இருந்தவள் காதில் பாட்டுக் கருவியை மாட்டியபடி நகராமல் இருந்தாள். நான் கத்திவிட்டேன். ஒரு இருக்கையின் கால்வாசிக்காக அவ்வளவு சத்தம். குரல் நடுங்கியது. கையும் நடுங்கியது.

சாப்பிட்டிருந்தேன். வேர்க்கவில்லை. எனக்குக் கோபம், அவ்வளவுதான். அது என்னுடைய கோபம். அதை யாரோ என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்கள்.

வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆரஞ்சு மணம் அப்படியேதான் இருந்தது. ஊறுகாய் வாசனை மட்டும் இல்லை. நம் வீட்டு மிட்டாய்கள் பழைய மாங்காய் ஊறுகாய் பாட்டிலில் இருக்கும். எத்தனை கழுவியும் மூடியிலிருந்து அந்த வாசனை போகவில்லை. ஆரஞ்சும் கடுகெண்ணெயும். எனக்கு இன்றுவரை உங்கள் நோயின் வாசனை அதுதான்.

செம்பூரில் இறங்கும்போது அது கரைந்து முடிந்திருந்தது. நீங்களும் இப்படித்தான் உணர்ந்தீர்களா என்று கேட்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

*

உங்களுக்கு இன்சுலின் ஊசி ஆரம்பித்தபோது நான் பள்ளியில் இருந்தேன். தொப்புளைச் சுற்றித் தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு நீங்களே குத்திக்கொள்வீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "கொசு கடிச்சா இதவிட வலிக்கும்ட்டி" என்பீர்கள். தாராவியில் பிறந்து வளர்ந்தவர் கொசுவைப் பற்றிச் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

நோய்க்கு ஒரு பெயர் வைத்திருந்தீர்கள். வீட்டு ஓனர். "சொல்லாம வருவான், வந்தா கத்துவான், போகும்போது எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டுப் போவான்." அம்மா சிரிக்க மாட்டாள். நான் சிரிப்பேன்.

முதல் முறை அவன் வந்தபோது எங்களுக்கு அது அவன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல். ஊசி போட்டாயிற்று, சாப்பாடு தாமதம். நீங்கள் அம்மாவைப் பார்த்து, அதற்கு முன் நான் கேட்டிராத ஒரு குரலில், "ரெண்டு பேரும் சேந்து என்னைய என்ன செய்யப் பாக்கிய?" என்றீர்கள். தட்டு சுவரில் போய் விழுந்தது. அம்மா விற்பனைக்கான இட்லி மாவுப் பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். உங்கள் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. கண்கள் எங்களைப் பார்த்தன. ஆனால் அவற்றில் நாங்கள் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்தீர்கள். சற்று நேரத்தில் திரும்பி வந்தீர்கள். சுவரில் வழிந்த சாம்பாரைப் பார்த்தீர்கள்.

"நான் என்ன சொன்னேன்?"

அதைத்தான் ஒவ்வொரு முறையும் கேட்டீர்கள். ஒவ்வொரு முறையும் நாங்கள் "ஒண்ணுஞ் சொல்லல" என்றோம். நீங்கள் எங்கள் முகங்களில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வீர்கள்.

பிறகு கற்றுக்கொண்டோம். மிட்டாய் பாட்டில் வந்தது. அலமாரியில், சாமி படத்துக்குக் கீழே. ரத்தம் குத்திப் பார்க்கும் பட்டை விலை அதிகம், ஒவ்வொரு சந்தேகத்துக்கும் குத்த முடியாது. அதனால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. உங்கள் குரல் உயர்ந்தால், பின்னால் வந்து, சட்டைக் காலருக்கு மேலே பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால் ஓனர். காய்ந்திருந்தால் நீங்கள்.

நாளாக ஆக, விரல் வைப்பதும் நின்றுபோனது. குரல் உயர்ந்தாலே மிட்டாய்.

*

பல்கலைக்கழகத்தில் ஒரு பாடப்புத்தகத்தில் உங்களைப் படித்தேன். மூளை உயிரோடிருப்பது சர்க்கரையால். அது குறைந்தால் எரிச்சல், குழப்பம், சந்தேகம், குடிபோதை போன்ற நடத்தை. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். படித்துவிட்டு நூலகத்தின் பின்வாசலில் போய் நின்றேன். அந்த வரிசையில் ஒரு மகள் இல்லை. காலையில் கேட்ட ஒரு வசையைப் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அது யார் சொன்னது என்று யோசித்தபடி போகும் ஒருத்தி இல்லை.

ஒவ்வொரு நாளும் காத்திருப்பது உடம்பை என்ன செய்யும் என்று வேறொரு பாடத்தில் இருந்தது. ஆபத்து வராத நேரத்திலும் காது அதற்காகத் திறந்தே இருக்கும். அது அம்மா. அவள் குக்கர் விசில் சத்தத்துக்குக்கூடத் திடுக்கிடுகிறவள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டவள். "அங்கன வச்சு வந்துட்டா?" என்பாள். யார் வந்துவிட்டால் என்று கேட்க வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நம் வீட்டுக்கும் யாரும் வரவில்லை. மூன்று பேரும் ஒரு பாட்டிலும்.

*

மாட்டுங்கா. அந்த ஒரு நாள்.

பூ வாங்க அம்மா சந்தைக்குள் போயிருந்தாள். நீங்களும் நானும் காபிக் கடையில். நீங்கள் சர்க்கரை இல்லாமல் கேட்டீர்கள். பரிமாறுகிறவர் தம்ளரை வைத்துவிட்டு, "என்ன சார், இவ்வளவு சின்ன வயசுலயே கசப்பா?" என்றார். "கல்யாணம் ஆயிட்டுல்லா" என்றீர்கள். அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் ரயில் கதையைச் சொல்ல ஆரம்பித்தீர்கள்.

உங்களுக்கு ஒரு ரயில் கூட்டம் இருந்தது. மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கத்து லாரி ஆபீசுக்குப் பார்சல் எழுதப் போகிற உங்களுக்காக, மான்குர்த்தில் ஏறும் ஓர் அண்ணாச்சி சன்னலோர இருக்கையில் கைக்குட்டை போட்டு வைப்பார். செம்பூரில் நீங்கள் ஏறினால் கைக்குட்டை எடுக்கப்படும். மடியில் பிரீப்கேஸ், அதன்மேல் சீட்டாட்டம். இத்தனை வருஷமும் அந்த இருக்கை உங்களுடையது. வீட்டில் நீங்கள் பேசியதைவிட அங்கே அதிகம் பேசியிருப்பீர்கள்.

"ஒரு நாளு காலைல சாப்பிடாம ஓடிட்டேன். குர்லா தாண்டுனதும் ஓனர் வந்துட்டான். நம்ம சீட்டப் பாத்துத்தான் சிரிக்கானுவன்னு தோணிட்டு. சீட்டுக்கட்டத் தூக்கிச் சன்னல் வழியா எறிஞ்சிட்டேன்."

"பெறகு?"

"பெறகென்ன. வாய்க்கு வந்ததெல்லாம் பேசிருக்கேன். நாக்கு வேற கொளறிருக்கு. காலங்காத்தாலேயே போட்டுட்டு வந்துட்டான்னு பேசிக்கிட்டானுவ. மறுநாளு கைக்குட்டை இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. "சுகர்னு சொல்லிருக்கலாம்லப்பா" என்றேன்.

"எதுக்கு? குடிகாரன்னா நாலு பேரு ஏசுவான். அதோட போயிரும். சீக்காளின்னா நாலு பேரும் பாவம்னு பாப்பான். அது போவாதுட்டி."

இப்போது வேறு டப்பாவில், வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போவதாகச் சொன்னீர்கள். காற்று நன்றாக வருகிறது என்றீர்கள். பிறகு குரல் உடைந்தது. "அவனுவகூட..." என்று ஏதோ தொடங்கினீர்கள்.

என் கை தானாகப் போனது. மேசைக்கு மேலாக, காலருக்குப் பின்னால், இரண்டு விரல்.

நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

"ஒங்கிட்ட ஒரு விசயம் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ வேர்வையத் தேடுத."

கோபமாகச் சொல்லவில்லை. ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தீர்கள். அம்மா கனகாம்பரத்தோடு வந்தாள். "அவனுவகூட" என்பதற்குப் பிறகு என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.

வெளியே உங்கள் நோயைக் குடி என்றார்கள். உள்ளே உங்கள் கோபத்தை நோய் என்றோம். நடுவில் எங்கே நின்றீர்கள், அப்பா? அந்த வாசல் கம்பியிலா?

*

புனேயில் வேலை கிடைத்தது. நான் போகிற காலை.

பெட்டி வாசலில் இருந்தது. நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் சாப்பிடாமல் இறங்காதீர்கள். சட்டைப் பையில் நாலு மிட்டாய். ஆபீஸில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். சொல்லும்போதே உங்கள் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். எப்போதும் அங்கேதான் பார்ப்பேன்.

"போ ட்டி" என்றீர்கள்.

நான் நிமிர்ந்தேன்.

"போயிரு. நீ பாக்க பார்வ எனக்குப் பிடிக்கல. என்னையப் பாக்கியா, என் வேர்வையப் பாக்கியா? நீ போனாத்தான் இந்த வீட்டுல நான் மனுசனா இருப்பேன்."

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தட்டு பறக்கவில்லை. நாக்கு குழறவில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, இஸ்திரி போட்டதுபோல வந்தது.

அம்மா உங்கள் பின்னால் வந்தாள். காலருக்கு மேலே கை வைத்தாள். அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். "இந்தாங்க, வாயில போடுங்க. லோ ஆயிருக்கு." என்னைப் பார்த்து, "சுகர்ட்டி, மனசுல வச்சுக்காத. வண்டிக்கு நேரமாச்சு, கெளம்பு."

நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். பிறகு மிட்டாயை வாங்கி, தாளைப் பிரித்து, வாயில் போட்டுக்கொண்டீர்கள். கன்னம் உப்பியது. சின்னப் பையன் மாதிரி இருந்தீர்கள்.

நான் படியிறங்கும்வரை காத்திருந்தேன். நீங்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்பீர்கள் என்று. நான் என்ன சொன்னேன்?

கேட்கவில்லை.

புனேக்குப் போகும் வழி முழுக்க அதையே யோசித்தேன். மலைச் சுரங்கங்கள் வந்து வந்து போயின. கேட்கவில்லை என்றால், சொன்னது நினைவில் இருக்கிறது. நினைவில் இருந்தால், சொன்னது நீங்கள். ஆனால் அம்மா தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லாமல் மிட்டாய் கொடுப்பாளா? கொடுப்பாள். எத்தனையோ முறை கொடுத்திருக்கிறாள். நானும் கொடுத்திருக்கிறேன்.

தொலைபேசியில் பேசினோம். மழை, சாப்பாடு, வீட்டு வாடகை. அந்தக் காலையைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது நேரில் கேட்கலாம் என்று இருந்தேன்.

*

அதற்குள் மழை வந்தது. ஒரு பகலில், ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்து, செம்பூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். அதற்கு முன் சர்க்கரையும் இறங்கியிருந்ததா என்று யாரும் சொல்ல முடியவில்லை.

அங்கே டீ விற்கிறவரைப் பிறகு போய்ப் பார்த்தேன். அவருக்கு உங்கள் முகம் தெரிந்திருந்தது. "பியேலா ஹை, ஐசா லகா" என்றார். குடித்திருப்பதாகத் தோன்றியதாம். எதையோ சொல்லிக் கத்தினீர்களாம். பிறகு அமைதியாகச் சாய்ந்துகொண்டீர்களாம். அவரால் என் கண்களைப் பார்க்க முடியவில்லை. ஒரு கட்டிங் டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

என்ன சொல்லிக் கத்தினீர்கள் என்று கேட்டேன். உங்கள் மொழி, எனக்கு எப்படிப் புரியும் என்றார்.

மான்குர்த் அண்ணாச்சி காரியத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். "ஒரு வார்த்த சொல்லலியே அண்ணாச்சி" என்று உங்கள் படத்தைப் பார்த்துப் பேசினார். உங்களுக்கு அவர் அண்ணாச்சி, அவருக்கு நீங்கள் அண்ணாச்சி. எனக்குப் புதிதாக இருந்தது. பிறகு என்னிடம், "முந்தாநாளு அந்தச் சன்னலு சீட்டுல கைக்குட்டை போட்டு வச்சோம் பாத்துக்க. சும்மா, வடாலா வரைக்கும். கூட்டம் விடல. எவனோ அதும்மேலேயே உக்காந்துட்டான்" என்றார்.

சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இருவரும் அடக்கிக்கொண்டோம்.

*

புனேயை விட்டுவிட்டு வந்து அம்மாவோடு இருக்கிறேன். கோபப்படுகிற எவரையும் என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை. மேலதிகாரி கத்தினால் மேலுதட்டைப் பார்க்கிறேன். புனேயில் ஒருவன் என்னிடம் அழுதுகொண்டே ஏதோ சொன்னான். என் விரல்கள் அவன் கழுத்துக்குப் போயின. அது அன்பு என்று நினைத்துக்கொண்டான். நான் மறுக்கவில்லை. அதிக நாள் நீடிக்கவில்லை.

நெரிசலில், முன்னால் நிற்கிறவர்களின் பிடரி தெரியும். சில பிடரிகள் உங்களுடையவை. அதே முடி வெட்டு, அதே பவுடர் தடம். விரல் நுனிகளில் ஈரம் தட்டும். பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

அம்மாவிடம் கேட்கவே இல்லை. கேட்காதவரை இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள். ஒருவர் என் பார்வையை வெறுத்தவர். ஒருவர் அப்படி ஒன்றுமே சொல்லாதவர், அவர் வாயால் வேறெவனோ சொன்னான். கேட்டுவிட்டால் ஒருவர் போய்விடுவார். ஒரு முறை இழந்தது போதாதா.

இன்று அந்த மிட்டாய்க்குப் பிறகு இழக்க எதுவும் மிச்சமிருந்ததாகத் தோன்றவில்லை. என் கோபத்தை அந்த அம்மா எடுத்துக்கொண்டபோது எனக்கு எவ்வளவு தனிமையாக இருந்தது தெரியுமா? தெரியும். உங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து பாக்கெட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு அப்பாக்கு வேர்த்துச்சா?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்தாள்.

"இல்லட்டி."

"தொட்டுப் பாத்தியே."

"பாத்தேன். பொடதி காஞ்சு கெடந்துச்சு."

"பெறகு எதுக்கு மிட்டாய் குடுத்த?"

"அவியளுக்கா குடுத்தேன்? ஒனக்குல்லா குடுத்தேன். இந்தப் பேச்சத் தூக்கிக்கிட்டு நீ ஊரு போய்ச் சேரக்கூடாதுன்னு."

மாவு கரண்டியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பாக்குத் தெரியுமா?"

"நான் கண்ணக் காட்டுனேன். வாங்கித் தின்னாவ. நீ போன பெறகு சுகரு ஏறிப் போயி, சாயங்காலம் ஊசியக் கூட்டிப் போட வேண்டியதாச்சு." பாத்திரத்தின் விளிம்பில் வழிந்த மாவை விரலால் வழித்தாள். "ஊசி போட்டுக்கிட்டே கேட்டாவ. ஏளா, பிள்ள நம்பிருச்சான்னு."

"நீ என்ன சொன்ன?"

"நம்பிருக்கும்னு சொன்னேன்."

*

ஆக, சொன்னது நீங்கள்தான். அந்தப் பார்வை உங்களுக்குப் பிடிக்கவில்லை. நீ போனால்தான் மனிதனாக இருப்பேன் என்றதும் நீங்கள்தான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். இனி அதை ஓனர் தலையில் கட்ட மாட்டேன்.

அந்த மிட்டாயும் நீங்கள்தான். தேவையில்லாத சர்க்கரையை, கெடுதல் என்று தெரிந்தே, எனக்கு முன்னால் மென்றுகொண்டு நின்றவர். உங்கள் சொந்தக் கோபத்தை, அவ்வளவு காலம் கழித்துக் கையில் கிடைத்த ஒன்றை, எனக்காகத் திரும்பவும் நோய் என்று ஒப்புக்கொண்டவர். இரண்டும் ஒரே ஆள். நான் எதிர்பார்த்ததுபோல ஒருவரும் போகவில்லை.

அம்மாவிடம் கத்தினேன். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று. அவள் கை அலமாரிப் பக்கம் எழுந்தது. பாதியில் நின்றது. கீழே இறக்கிக்கொண்டாள்.

"கத்துட்டி" என்றாள். "நல்லாக் கத்து."

கத்தினேன். அவளும் கத்தினாள். குக்கர் விசில் அடித்தது. அவள் திடுக்கிடவில்லை, சண்டையில் கவனிக்கவில்லை.

பிறகு பாட்டிலை எடுத்தேன். அடியில் கிடந்த மிட்டாய்கள் வேர்த்து, தாளோடு ஒட்டிப்போயிருந்தன. கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துப் போட்டேன். பாட்டிலைச் சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மீதி மாவை அம்மாவோடு பாக்கெட்டில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கினேன்.